மூன்றா, எட்டா?

நகரசபையின் தகன மண்டபத்தில் பாட்டுப் போடுகிற வேலை பார்த்தவரை எல்லோரும் பாட்டுக்காரர் என்றே கூப்பிட்டார்கள். அவர் ஒருநாளும் பாடியதில்லை. குளிக்கும்போது முனகுகிற பழக்கம்கூடக் கிடையாது. சம்பளப் பட்டியலில் ‘ஒலி உதவியாளர்’ என்று போட்டிருந்தார்கள். வேலை இவ்வளவுதான்: இறந்தவருடைய வீட்டார் உள்ளே வந்து நாற்காலிகளில் உட்கார்ந்ததும், மேடையை ஒட்டிய சின்ன அறையிலிருக்கும் சிடி பிளேயரில் மூன்றாம் எண் பாட்டை ஓடவிட வேண்டும். அது புல்லாங்குழல். அது முடிவதற்குள் உடல் சுவரிலுள்ள இரும்புக் கதவு வழியாக உலைப் பக்கம் போய்விடும். கதவு மூடியதும் சத்தத்தைப் பையப் பையக் குறைத்து நிறுத்த வேண்டும்.

இதில் தப்புப் பண்ண என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருந்தது. அந்த மண்டபத்துக்கென்று ஒரே ஒரு சிடிதான். நகரசபையின் பண்பாட்டுப் பிரிவு சிக்கனத்தை உத்தேசித்துத் தனக்குக் கீழே உள்ள எல்லாக் கட்டடங்களுக்கும் சேர்த்து ஒரே சிடியைத் தயாரித்து அனுப்பியிருந்தது. நூலகத்துக்கும் அதுதான், நீச்சல் குளத்துக்கும் அதுதான், கூட்ட அரங்குக்கும் அதுதான். மூன்றாவது துக்கப் புல்லாங்குழல். ஆறாவது, குளத்தில் குதிக்கும் முன் குழந்தைகளை வரிசையில் நிற்கச் சொல்லும் அறிவிப்பு. எட்டாவது, சிறப்பு விருந்தினரை வருக வருகவென்று வரவேற்கும் பாட்டு. ஒன்பதாவது, தீ விபத்து எச்சரிக்கை.

பிளேயரின் நெற்றியில் பச்சை நிறத்தில் எண் ஒளிரும். சுண்டுவிரல் நகத்தில் பாதி இருக்கும். பாட்டுக்காரருக்குக் கண் நன்றாக இருந்த காலத்தில் அது ஒரு சங்கதியாகவே தெரியவில்லை. பிறகு அவருடைய பார்வையின் நடுவில், யாரோ எச்சில் தொட்டு அழித்த மாதிரி ஒரு கறை வந்து உட்கார்ந்தது. ஓரத்தில் இருப்பதெல்லாம் தெரியும், நேராகப் பார்ப்பது மட்டும் தெரியாது. விழித்திரையில் தேய்மானம், கண்ணாடி போட்டுப் பிரயோஜனமில்லை என்று வெளியே ஒரு வைத்தியர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மூன்று, ஆறு, எட்டு, ஒன்பது நான்கும் கூடப்பிறந்தவை மாதிரி ஒரே முகஜாடையாகிவிட்டன. பொத்தானை எத்தனை முறை அழுத்துகிறோம் என்று எண்ணிக்கொள்ளலாம் என்றால், அதுவும் தேய்ந்துபோய், ஒரு தடவை அழுத்தினால் சில சமயம் இரண்டு தாவியது.

முதலில் ஒரு தபால்காரருடைய சாவில் வரவேற்புப் பாட்டு ஒலித்தது. உள்ளே போய்க்கொண்டிருந்தவரை ‘வருக, வருக, உங்கள் வரவால் இவ்விடம் பெருமை கொண்டது’ என்று பெண்கள் குழுவாகப் பாடி அழைத்தார்கள். வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மண்டப மேற்பார்வையாளர் ஓடிவந்து, மின்சாரக் கோளாறு என்று சமாளித்தார். அவர் வயதில் சின்னவர், பயந்த சுபாவம், பாட்டுக்காரரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

அடுத்தது ஒரு தையற்கடைக்காரருடைய சாவு. குழலோசைக்காக எல்லோரும் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தபோது, ஒரு கனத்த ஆண்குரல், ‘கட்டடத்தில் தீப்பிடித்துள்ளது, பதறாமல் அருகிலுள்ள வழியாக வெளியேறவும்’ என்றது. தீ எரிவதற்கென்றே கட்டிய கட்டடம் அது என்பது யாருக்கும் உறைக்கவில்லை. நாற்காலிகள் உருண்டன. ஒரு கனத்த அத்தை ஜன்னல் வழியாக இறங்கப் பார்த்து அங்கேயே மாட்டிக்கொண்டாள். அந்த மண்டபத்தில் அன்றைக்குப் பதறாமல் இருந்தவர் இறந்தவர் ஒருவர்தான்.

எல்லோரும் போன பிறகு மேற்பார்வையாளர் சின்ன அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

“அண்ணே, உண்மையைச் சொல்லுங்க. கண்ணுல ஏதாச்சும் கோளாறா?”

இந்த வேலை போனால் வேறு எந்த வேலைக்கும் தான் லாயக்கில்லை என்பது பாட்டுக்காரருக்குத் தெரியும். பெரிய எண் தெரிகிற பிளேயர் ஒன்று இருந்தால் போதும் என்று மட்டும் சொன்னார். அவ்வளவுதானே, மேலே எழுதிப் போடுகிறேன் என்றார் மேற்பார்வையாளர். இந்த உலகத்திலேயே சுலபமான காரியத்தைப் பேசி முடித்துவிட்ட மாதிரி இரண்டு பேருக்கும் மூச்சு வந்தது.

வீட்டில் மனைவியிடம் அன்றுதான் விஷயத்தை உடைத்தார். அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்த்தாள். அவள் ஆச்சரியப்படவில்லை. இத்தனை நாளாகத் தேநீரைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றுகிற மனுஷனுக்குக் கண் தெரிகிறது என்று நம்புவதற்குத் தான் என்ன முட்டாளா என்று கேட்டுவிட்டு, மறுநாளே அவரைக் கடைத்தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

மின்சாதனக் கடையில் விற்பனைப் பெண் வரிசையாகப் பிளேயர்களை எடுத்துக் காட்டினாள். ஒன்றில் எண் நீலத்தில் நீலமாகக் கரைந்திருந்தது. இன்னொன்றில் அழகுக்காகச் சாய்த்து எழுதியிருந்தார்கள். இன்னொன்று எண்ணைக் காட்டிவிட்டு, வெட்கப்பட்டவள் மாதிரி உடனே ஒளிந்துகொண்டது. பாட்டுக்காரர் ஒவ்வொன்றின் முன்னாலும் கோழி மாதிரித் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். கடைசியாக அந்தப் பெண் கீழ்த்தட்டிலிருந்து தூசியைத் தட்டி ஒன்றை எடுத்து வைத்தாள். பார்க்க லட்சணமில்லாத கறுப்புப் பெட்டி. யாரும் கேட்பதில்லை என்று அவளே சொன்னாள். அதைப் போட்டதும் கறுப்புத் திரையில் வெள்ளை எண், ஆள்காட்டி விரல் நீளத்துக்கு எழுந்து நின்றது.

பாட்டுக்காரர் இரண்டடி பின்னால் போனார். இன்னும் இரண்டடி போனார். ஒரு குளிர்சாதனப் பெட்டியில் முதுகு இடித்து நின்றார்.

“மூணு” என்றார். “அது மூணு.”

அந்தப் பெண் பொத்தானைப் பலமுறை அழுத்தி நிறுத்தினாள். எட்டு, என்றார். மறுபடியும் அழுத்தினாள். ஒன்பது, என்றார். மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, இதையே கட்டிக் கொடு என்றாள். விலையும் அவர்கள் கைக்கு எட்டுகிற விலைதான்.

கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். நகரசபை என்று ஒன்று இல்லாத ஊராக இருந்தால் முடிந்திருக்கும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவரை மேற்பார்வையாளர் வாசலிலேயே நிறுத்தி, கையைப் பிசைந்துகொண்டு, சுவரிலிருந்த விதிப்பலகையைப் படித்துக் காட்டினார். ‘இறந்தவரின் உடல் நீங்கலாக, வெளியார் பொருள் எதுவும் இம்மண்டபத்துக்குள் அனுமதிக்கப்படாது.’ சொந்த பிளேயர் வெளியார் பொருள். பாட்டுக்காரர் வெளியார் இல்லையே என்றால், அவர் வெளியார் இல்லை, அவருடைய பொருள் வெளியார் என்று விளக்கினார். தனக்கும் அது புரியவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. ஆனால் மேலே எழுதிப் போட்டதற்குப் பதில் வந்துவிட்டதாம். இதற்கென்றே நகரசபையில் ஒரு குழு இருக்கிறதாம்.

இருந்தது. பார்வைக் குறைவுப் பணியாளருக்கான உதவிச் சாதனத் தேர்வுக் குழு. தலைமை அலுவலகத்தின் மேல்மாடியில், இருட்டான நடையின் கோடியில் அதன் அறை. கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பாட்டுக்காரர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு நின்றார். அந்தப் பக்கமாகப் போன துப்புரவுக்காரம்மாள் படித்துச் சொன்னாள்: ‘பார்வைக் குறைவு உடையோர் கீழே சிறிய எழுத்தில் உள்ள நிபந்தனைகளைத் தாமே படித்து அறிந்த பின்னரே கதவைத் தட்டவும்.’ தாமே படித்தால் உள்ளே போக அவசியமில்லையே என்றார் பாட்டுக்காரர். அதனால்தான் இந்தக் கதவை யாரும் தட்டுவதில்லை, ரொம்ப அமைதியான அறை என்றாள் அவள்.

தட்டினார். முதலில் சபை மருத்துவரிடம் போகச் சொன்னார்கள். மருத்துவர் நல்ல மனுஷர். கண்ணில் விளக்கடித்துப் பார்த்து, உச்சுக்கொட்டி, பாட்டுக்காரரை உட்காரவைத்துப் பேசினார்.

“பாருங்க, உங்களுக்குக் கண் தெரியலைன்னு நான் எழுதினா மெஷின் கிடைக்கும், வேலை போயிடும். தெரியுதுன்னு எழுதினா வேலை நிக்கும், மெஷின் கிடைக்காது. நான் யாருக்கும் கெடுதல் நினைக்கிறவன் இல்ல. அதனால ரெண்டையும் எழுதிடறேன்.”

அப்படியே எழுதினார். இவருடைய பார்வை போதுமான அளவு குறைவாகவும், குறைந்த அளவுக்குப் போதுமானதாகவும் உள்ளது. கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தி, இதைவிட நியாயமாக ஒருத்தர் எழுத முடியாது என்று தானே பாராட்டிக்கொண்டார். குழு அந்த வாக்கியத்தை ஆராயச் சில வாரங்கள் எடுத்துக்கொண்டது.

அந்த வாரங்கள் எப்படிப் போயின என்று பாட்டுக்காரருக்குத்தான் தெரியும். ஒரு நாள் மனைவி பள்ளிக்கூடத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்து அறையில் மறைந்திருந்து எண்ணைப் படித்துச் சொன்னாள். மூன்று சரியாக ஒலித்தது, எவ்வளவோ நாளைக்குப் பிறகு அவர் முழுப் பாட்டையும் நிம்மதியாகக் கேட்டார். மறுநாள் அவளும் வெளியார் என்று ஓலை வந்துவிட்டது. ஒருமுறை, பாவம் ஒரு கிழவருக்கு, நீச்சல் குளத்து அறிவிப்பு ஒலித்து, ‘தள்ளாமல் ஒவ்வொருவராக இறங்கவும்’ என்றது. அப்புறம் பாட்டுக்காரர் அறையின் மூலையில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கண்ணும் காத்திருக்கவில்லை. நடுவிலிருந்த கறை அகலமாகிக்கொண்டே வந்தது. மனைவியின் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அவளுடைய காதைப் பார்க்க வேண்டியிருந்தது. அப்போதுதான் முகம் ஓரத்தில் வந்து நிற்கும். என்னோடு பேசுகிறீர்களா, சுவரோடு பேசுகிறீர்களா என்று அவள் முதலில் சிரித்தாள். பிறகு அவளே அவர் பார்க்கிற பக்கமாக நகர்ந்து உட்கார ஆரம்பித்தாள்.

ஒருவழியாகக் குழு கூடியது. நீள மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர்கூடக் கண்ணாடி போட்டவரில்லை. அதையே ஒரு சிறப்பாகத்தான் தலைவியம்மாள் எடுத்துச் சொன்னார்.

“எங்க எல்லாருக்கும் பார்வை நல்லா இருக்கு. அதனாலதான் பார்வை இல்லாதவங்களைப் பத்தி எங்களால நடுநிலையா யோசிக்க முடியுது. சம்பந்தப்பட்டவங்களை உள்ள விட்டா உணர்ச்சிவசப்பட்டுடுவாங்க. தங்களுக்கு என்ன வேணும்கறதை மட்டுமே பார்ப்பாங்க.”

இருந்தாலும் பணியாளரின் துன்பத்தை நேரில் உணர வேண்டுமே. அதற்காக ஓர் அனுபவப் பயிற்சி ஏற்பாடாகியிருந்தது. களிம்பு பூசிய கண்ணாடிகள் ஆளுக்கொன்று வந்தன. பாரபட்சம் கூடாது என்று பாட்டுக்காரருக்கும் ஒன்றைக் கொடுத்து மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள். எல்லோரும் எழுந்து அறைக்குள் நடந்தார்கள். இடித்துக்கொண்டார்கள், ஒருவர் கோப்பையை இன்னொருவர் எடுத்துக் குடித்தார். கொள்முதல் அதிகாரி ஒரு கோட்டு மாட்டும் கம்பத்துக்கு நெடுநேரம் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். பயிற்சி முடிந்து கண்ணாடியைக் கழற்றியபோது அவர் கண்ணில் ஈரம் இருந்தது. பாட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. ரொம்பக் கஷ்டம். ஆனா கழட்டினதும் சரியாயிடுது.”

பிறகு பிளேயர்களைக் கொண்டுவந்து வரிசையாக வைத்தார்கள். பாட்டுக்காரர் தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் தேடினார். கடைசியில் கடைப் பெண் காட்டிய அதே கறுப்புப் பெட்டி இருந்தது. அதைத் தொட்டுக் காட்டி, இது போதும் என்றார். கொள்முதல் அதிகாரி உடனே எழுந்து, பயனாளி இந்தச் சாதனத்தை முன்பே பார்த்துப் படித்திருக்கிறார், ஆகவே அவருடைய கருத்து கலப்படமானது, கணக்கில் எடுக்கலாகாது என்றார். எடுக்கவில்லை.

மதிப்பெண் போட்டார்கள். நிறம், எடை, மண்டபத்தின் கண்ணியத்துக்குப் பொருந்துகிற தோற்றம், பழுது பார்க்கும் வசதி, எழுத்துத் தெளிவு. எல்லோருக்கும் கண் நன்றாக இருந்ததால் எழுத்துத் தெளிவில் எல்லாப் பிளேயர்களுமே முழு மதிப்பெண் வாங்கின. எல்லாமே சமமாக வாங்கிய பாடத்தை வைத்துத் தரம் பிரிக்க முடியாது என்பதால் அந்தப் பாடத்தையே எடுத்துவிட்டார்கள். கறுப்புப் பெட்டி தோற்றத்தில் தோற்றது.

பாட்டுக்காரர் எழுந்து நின்றார். பெரிய மனிதர்கள் முன்னால் பேசிப் பழக்கமில்லாதவர். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“அம்மா, எனக்கு மூணு எது, எட்டு எதுன்னு தெரிஞ்சாப் போதும். வேற ஒண்ணும் வேண்டாம். அழுதுக்கிட்டு வர்றவங்க முன்னால என்னைக் கேவலப்படுத்தாதீங்க.”

தலைவியம்மாள் கருணையோடு சிரித்தார்.

“உங்க தேவை ரொம்பச் சின்னது. நாங்க பெரிசா யோசிக்கிறோம்.”

அவர்கள் யோசித்தது நிஜமாகவே பெரியதாக இருந்தது. சில மாதங்கள் கழித்து மண்டபத்துக்கு வந்த பிளேயரின் திரை ஒரு ஜன்னலளவு இருந்தது. சின்ன அறைக்குள் அதை நுழைப்பதற்காகப் பாட்டுக்காரருடைய நாற்காலியை வெளியே எடுத்துப் போட்டார்கள்.

திறப்பு விழாவைச் சும்மா ஒரு காலி மண்டபத்தில் நடத்தினால் சாதனத்தின் பயன் தெரியாது என்று தலைவியம்மாள் கருதினார். ஆகவே அன்றைக்கு வந்த சாவையே விழாவோடு சேர்த்துக்கொண்டார்கள். இறந்தது ஒரு பேருந்து நடத்துநர் அம்மாள். அவளுடைய மகள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சொந்தக்காரர்கள் கொஞ்சம் பேர், பின்னால் வேலைச் சீருடையிலேயே வந்திருந்த நடத்துநர்கள். அவர்கள் உட்கார்ந்து, காத்திருந்து, வெயில் ஏறி, பிறகுதான் குழு வந்தது. தலைவியம்மாள் நேராக மேடையேறினார். அவருக்கும் இறந்தவளுக்கும் இடையே ஒரு பூச்சாடிதான் இடைவெளி.

“இன்னைக்கு நம்மளோட இருந்து இந்த விழாவைச் சிறப்பிக்கிற குடும்பத்தாருக்கு என் நன்றி. குறிப்பா அம்மாவுக்கு. அவங்க ஒத்துழைப்பு இல்லாம இந்த நிகழ்ச்சி நடந்திருக்காது. ஒரு சாதாரணத் தொழிலாளியோட கண்ணுக்காக ஒரு நிர்வாகமே விழிச்சிருந்திருக்கு. இந்த மெஷினோட டிஸ்ப்ளேயை நம்ம பணியாளரே இப்பப் படிச்சுக் காட்டுவார்.”

படம் எடுக்கிறவர்கள் சின்ன அறையின் வாசலை அடைத்துக்கொண்டார்கள். திரை எரிந்தது. அந்த அகலத்தில், தலைவியம்மாளின் பெயர், பதவி, குழுவின் முழுப் பெயர், நகரசபையின் நல்வாழ்த்து எல்லாம் தங்க எழுத்தில் ஊர்வலமாகப் போயின. பாட்டின் எண், கீழே வலது மூலையில் ஒரு கொசு உட்கார்ந்த மாதிரி இருந்தது. இருந்தது என்று பாட்டுக்காரருக்குப் பிற்பாடு மேற்பார்வையாளர் சொல்லித்தான் தெரியும். அவருக்கு அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு பெரிய மஞ்சள் வெளிச்சம், அதன் நடுவே அவருடைய கறை.

எல்லோரும் காத்திருந்தார்கள்.

“மூணு” என்றார் பாட்டுக்காரர்.

கைதட்டினார்கள். தலைவியம்மாள் பொத்தானை அழுத்தச் சொன்னார். அழுத்தினார். கட்டடத்தில் தீப்பிடித்துள்ளது, பதறாமல் அருகிலுள்ள வழியாக வெளியேறவும் என்றது அந்தக் கனத்த குரல், புதிய ஒலிபெருக்கியில் முன்னைவிடத் தெளிவாக. குழு வெளியேறியது. அவ்வளவு வேகமாக அந்தக் குழு ஒரு முடிவெடுத்து யாரும் பார்த்ததில்லை.

இறந்தவளுடைய ஆட்கள் மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்கள். அவர்களுக்குத் தீயும் ஒன்றுதான், எதுவும் ஒன்றுதான் என்று ஆகியிருந்தது. பாட்டுக்காரர் அறையிலிருந்து தடவிக்கொண்டே வெளியே வந்தார். மேடையைச் சுற்றி, நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, முன்வரிசைக்குப் போனார். மகள் எங்கே என்று கேட்டார். இங்கே இருக்கிறேன் என்றாள் அவள். அந்தக் குரலின் பக்கமாகத் திரும்பி, ஆனால் அவளுடைய தோளைப் பார்த்தபடி, இத்தனை நாள் துக்க வீட்டார் யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

“அம்மா, எனக்குக் கண்ணு தெரியலம்மா. எண்ணைப் படிக்க முடியல. உங்கம்மாவை நான் இப்படி அனுப்பக் கூடாது. நீங்க வந்து மூணாம் நம்பரை அழுத்தித் தர்றீங்களா?”

கோபப்படுவாள் என்றுதான் அவர் நினைத்தார். அவள் எழுந்து அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நடத்துநர்கள் வழிவிட்டார்கள். அறைக்குள் அவள் குனிந்து, மூக்கு திரையில் படுகிற அளவுக்குக் குனிந்து, எண்ணைத் தேடிப் பிடித்தாள். தன்னாலேயே படிக்க முடியவில்லை, இதை எந்தப் புண்ணியவான் உங்களுக்கு வாங்கிக்கொடுத்தான் என்று கேட்டாள். புல்லாங்குழல் எழுந்தது. அவள் திரும்பிப் போகவில்லை. அறையின் வாசலில் அவர் பக்கத்திலேயே நின்று, அம்மா இரும்புக் கதவுக்கு அந்தப் பக்கம் போவதைப் பார்த்தாள். கதவு மூடிவிட்டது, இப்போது குறையுங்கள் என்று மெதுவாகச் சொன்னாள். அவர் சத்தத்தைக் குறைத்தார். அவ்வளவு சரியாக அவர் குறைத்ததே இல்லை.

இதற்கு என்ன விளைவு என்று கேட்டால், அறிக்கை வந்தது. புதிய சாதனம் நிகழ்ச்சியின்போது குறைவின்றி இயங்கியது, எச்சரிக்கை ஒலியின் தெளிவு உறுப்பினர்கள் அனைவராலும் நேரடியாக உணரப்பட்டது. பயனாளி கேட்ட மாத்திரத்தில் எண்ணைப் படித்துச் சொன்னார், ஆகவே பார்வைக் குறைவு என்ற பிரச்சினை தீர்ந்தது. ஒரே ஒரு குறை: பயிற்சி பெறாத வெளியார் ஒருவர், இறந்தவரின் மகள், நகரசபைச் சாதனத்தை இயக்கியிருக்கிறார்.

பாட்டுக்காரரை வேலையை விட்டு நீக்குவார்கள் என்று மேற்பார்வையாளர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. பாட்டுக்காரரின் மனைவி, போனால் போகட்டும், பள்ளிக்கூடத்தில் வெங்காயம் உரிக்க ஆள் வேண்டும், அதற்குக் கண்ணே வேண்டாம், இல்லாமலிருந்தால் இன்னும் நல்லது என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போய் அழுதாள். ஆனால் குழு யாரையும் நீக்குவதற்காக ஏற்பட்டதல்ல, யோசிப்பதற்காக ஏற்பட்டது. யோசித்து ஒரு சுற்றறிக்கை விட்டது. இனிமேல் துக்க வீட்டாரில் ஒருவர் மட்டுமே சாதனத்தை இயக்கலாம். ஆனால் அவர் முறைப்படி பயிற்சி பெற்றிருக்க வேண்டும். பயிற்சியை இறப்புக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்னதாக முடித்திருக்க வேண்டும். பயிற்சியாளராக ஒலி உதவியாளரே நியமிக்கப்படுகிறார்.

அப்படியாக, வேலை போகவில்லை. பாட்டுக்காரர் பயிற்சியாளரானார். தனக்குத் தெரியாத எண்ணைத் தெரிந்துகொள்ள மற்றவர்களுக்குச் சொல்லித் தருகிற வேலை. யாரும் வரவில்லை. தங்கள் வீட்டில் யார் எப்போது சாவார்கள் என்று ஒரு வாரம் முன்னால் நிச்சயமாகச் சொல்லக்கூடியவர்கள் அந்த ஊரில் இல்லை. இந்தக் கதவையும் யாரும் தட்டாத கதவாக்கிவிட்டார்களே என்று மேற்பார்வையாளர் அங்கலாய்த்தார். சாவுகள் பாட்டில்லாமலே நடந்தன. இயக்கத் தகுதியுள்ளவர் இல்லாததால் யாரும் பொத்தானைத் தொடக் கூடாது. இரும்புக் கதவு கிறீச்சிடுகிற சத்தம் மட்டும் ஒவ்வொரு முறையும் அவருடைய முதுகெலும்பில் இறங்கியது. கறை இப்போது ஓரங்களையும் தின்னத் தொடங்கியிருந்தது.

ஒரு நாள் பிற்பகலில் ஒரு பெண்மணி வந்தாள். வயதானவள் என்பது நடையில் தெரிந்தது. பயிற்சிக்கு வந்திருப்பதாகச் சொன்னாள். பாட்டுக்காரருக்கு நம்ப முடியவில்லை. வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“எனக்குத்தான்” என்றாள் அவள். “வைத்தியர் நாள் குறிச்சிட்டார். வீட்டுல வேற யாரும் இல்ல. அதான் நானே கத்துக்கலாம்னு வந்தேன்.”

அன்றைக்கு நீங்கள் எழுந்து வந்து அழுத்த முடியாதே அம்மா என்று அவர் சொல்லவேண்டியதாயிற்று. அது தனக்கும் தெரியும் என்றாள் அவள். போகும்போது என்ன ஒலிக்கப்போகிறது என்று ஒருமுறை கேட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தாளாம். வாழ்க்கையில் எதையும் பார்க்காமல் வாங்கியதில்லையாம்.

அவர் அவளை உள்ளே அழைத்துப்போனார். அவள் தன் கண்ணாடியை ஏற்றி இறக்கி, எண்ணைக் கண்டுபிடித்து அழுத்தினாள். காலி மண்டபத்தில் இரண்டு பேரும் புல்லாங்குழலை முழுவதுமாகக் கேட்டார்கள். முடிந்ததும் அவள், நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ரொம்ப அழுமூஞ்சி, தெரியாத யாரோ தனக்காக அழுகிற மாதிரி இருக்கிறது என்றாள். வேறு எதுவும் இருக்கிறதா என்றாள். இருப்பதையெல்லாம் சொன்னார். அவள் ஒவ்வொன்றுக்கும் சிரித்தாள், சிரித்து இருமினாள்.

“சத்தமே இல்லாம இருக்க எதை அழுத்தணும்?”

அதற்கு அந்த இயந்திரத்தில் பொத்தான் இல்லை. நல்வாழ்த்து ஓடிக்கொண்டேயிருக்கும், உள்ளே ஒரு மின்விசிறி உறுமிக்கொண்டேயிருக்கும். பாட்டுக்காரர் அவளுடைய கையைப் பிடித்துச் சுவரோரமாகக் கீழே கொண்டுபோய், சுவிட்சின் மேல் வைத்தார். அவள் தட்டினாள். தலைவியம்மாள், பதவி, நகரசபை எல்லாம் பாதியில் அணைந்தன. உறுமல் நின்றது.

வெளியே எங்கோ ஒரு சைக்கிள் மணி. பிறகு அதுவும் இல்லை. பாட்டுக்காரருக்கு இருட்டும் வெளிச்சமும் ஏறக்குறைய ஒன்றாகியிருந்தாலும், அந்தப் பெரிய மஞ்சள் போனது தெரிந்தது. அவள் மண்டபத்து நாற்காலியொன்றை இழுத்து உட்கார்ந்தாள். அவரும் உட்கார்ந்தார். அவளுடைய மூச்சு அவருக்குக் கேட்டது, கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் நின்று.

“இது நல்லா இருக்கு” என்றாள் அவள். “எனக்கு இதையே போடுங்க.”

“போடறேம்மா” என்றார் பாட்டுக்காரர்.